சட்டனில் ஒரு வெற்றி விழா

கைபேசி மூன்றாவது தடவையும் அலறியது. லண்டனின் சட்டன் ரயில் நிலையப் படிகளிலேயே நின்று எடுத்தாள் சயந்தினி.

அண்ணன் ஜதுசன்! அமெரிக்காவில் அவன் மேயர் பதவிக்குப் போட்டியிடும் நகரத்தில் இன்றைக்குத்தான் வாக்களிப்பு. இந்த நேரத்தில் வேட்பாளருக்குத் தங்கச்சியோடு என்ன பேச்சு?

"பேஸ்புக் வீடியோவில பொன்னாடையோட நிக்கிறது நீதானே?"

"ஓம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை உங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம் இங்க செய்த விழா. உங்களுக்குப் பதிலா எனக்குப் போர்த்தினவை."

"வெல்ல முதலே வெற்றி விழாவோ?"

அவளும் அதைத்தான் கேட்டிருந்தாள். சங்கத் தலைவர் பாலேந்திரா சிரித்தார். "பிறகெண்டால் ஹோல் கிடைக்காது, பிள்ளை." அதோடு நிற்காமல் மைக்கைப் பிடித்து, "இனி அந்த நகரம் எங்கட கையில!" என்று முழங்கினார். கைதட்டல் மண்டபக் கூரையைப் பிய்த்தது. யாரோ சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் லைவ் விட்டார்கள்.

அந்த வீடியோவை எடுத்த எதிரணி, முழக்கத்துக்கு ஆங்கிலத்தில் தலைப்பு வரி போட்டுப் பரப்பிவிட்டது. 'உங்கள் நகரத்தை லண்டனில் பங்கு போடுகிறார்கள்.' காலையிலிருந்து அந்த ஊரில் அதே பேச்சு. இரண்டு வருடம் வீடு வீடாகக் கதவு தட்டி, போட்டியைச் சரிசமத்துக்குக் கொண்டுவந்திருந்தான் ஜதுசன்.

"எப்படியாவது அதைப் பேஸ்புக்கில இருந்து எடுக்கச் சொல்லு" என்றான்.

சயந்தினி உடனே சங்கத் தலைவரை அழைத்தாள். பாலேந்திரா மசியவில்லை. "எடுக்கிறதோ? என்ர பேச்சை இவ்வளவு சனம் ஒருநாளும் கேட்டதில்லை, பிள்ளை!"

"காலில விழுறன் அண்ணை, எடுங்கோ."

எடுத்தார். என்ன பிரயோசனம்? அதற்குள் ஊரெல்லாம் பிரதி.

விடிந்தபோது முடிவு வந்திருந்தது. ஜதுசன் தோற்றிருந்தான், விழாவன்று சட்டன் ஹோலில் சனம் இருக்கப் போட்ட கதிரைகளைவிடக் குறைந்த வாக்குகளால். அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். கைபேசியையே அணைத்துவிட்டிருந்தான்.

உடனே மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

பாலேந்திரா! "மனதைத் தளர விடாத, பிள்ளை. ஞாயிறு ஆறுதல் கூட்டம் வைக்கிறம். நல்ல காலம், ஹோல் கிடைச்சிட்டுது. தம்பிக்குப் பதிலா நீ வந்து மேடையில இரு."

"அதையும் லைவ் போடுவீங்களோ, அண்ணை?"

"பின்ன? அந்த ஊர்ச் சனமும் பாக்க வேணுமெல்லே!"