முந்நூற்று அறுபதுக்குப் பிறகு

மருந்துக்கடைக்காரர் வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். அது சுருளாமல் இருக்க எங்கள் சாமான்களையே எடுத்து மூலைக்கொன்றாக வைத்தார்: ஸ்டேப்ளர், பசை டப்பா, தொலைபேசி, என் டீ டம்ளர்.

“நான் வாங்கின இடம் பெட்டி மாதிரி இருக்கும் சார். நீங்க பட்டம் வரைஞ்சு குடுத்திருக்கீங்க. வால் ஒண்ணுதான் பாக்கி.”

முதலாளி சிரிக்கவில்லை. “சாயங்காலம் வாங்க, சரி பண்ணித் தர்றேன்” என்றார்.

நிலம் அளக்கும் அலுவலகம் எங்களுடையது. மொத்தம் மூன்று பேர். முதலாளி, களத்தில் அளக்கும் அவருடைய மனைவியின் தம்பி, எண்களைக் கணினியில் ஏற்றிப் படம் வரையும் நான். தம்பிக்கு முக்காலி என்று பெயர். கருவியின் முக்காலி எப்போதும் தோளில் இருப்பதால் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை செய்கிறார்.

மருந்துக்கடைக்காரரின் மனையில் நான்காவது மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அங்கே கருவியை நிறுத்த முடியாது. மற்ற மூன்று மூலைகளின் கோணத்தை அளந்து, நான்கு மூலைக்கும் மொத்தமாக வரவேண்டிய முந்நூற்று அறுபதிலிருந்து கழித்தோம். அறுபது டிகிரி வந்தது. நேரில் பார்த்தால் அந்த மூலை அவ்வளவு கூர்மையில்லை.

“மச்சானுக்குக் கண்ணு போச்சும்மா. அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார் முதலாளி.

அன்றைக்கு என்பது படம் வரைந்த நாள். முக்காலி அண்ணன் திரையில் தெரியும் எண்ணை அப்படியே குறிப்பேட்டில் எழுதுவார். எங்கள் கருவியில் புள்ளிக்கு முன்னால் டிகிரி, பின்னால் இரண்டு இலக்கம் நிமிடம், அடுத்த இரண்டு விநாடி. முதல் கோணம் 98.6420 என்றிருந்தது. அறுபது நிமிடமானால் ஒரு டிகிரி. அறுபத்து நான்கு நிமிடம் என்று ஒன்று கிடையாது. கணினி ஏற்க மறுத்தது. முதலாளி பார்த்துவிட்டு, “பூஜ்யத்தை ஆறுன்னு படிச்சிருக்கான். நாலுன்னு போடு” என்றார். இரண்டாவது 104.7815. “ஒண்ணை ஏழுன்னு படிச்சிருக்கான். பதினெட்டுன்னு போடு.” மூன்றாவது 97.3540. கணினி எதுவும் சொல்லவில்லை. நானும்தான்.

இப்போது அவர் ஒரு கடிதம் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். திங்கட்கிழமை முதல் முக்காலி அண்ணனுக்குக் கோப்பு அறையில் வேலை. கருவியைத் தொடக் கூடாது. காரணம், பார்வைக் குறைவு. முதலாளி கையெழுத்துப் போட்டு, காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தார்.

“சாப்பிட்டுட்டு வரட்டும். வெறும் வயித்துல சொல்ல வேணாம். அப்புறம் என் வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது.”

கருவி எங்கள் அறையின் நடுவில் நின்றது. அந்த மனையை அளந்த வாடகைக் கருவி. எங்களுடையது பழுது பார்க்கப் போயிருந்தது. வாடகைக் கடைக்குப் போய் அதை வாங்கி வந்தது நான். அங்கே முடுக்கியதும் அது மூன்று கேள்வி கேட்டது: மொழி, நீள அலகு, கோண அலகு. கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. மூன்றுக்கும் முதலில் இருந்ததையே அழுத்தினேன்.

கல்லூரியில் என் கால்குலேட்டரில் கோணத்துக்கு டி, ஆர், ஜி என்று மூன்று எழுத்துகள் இருந்தன. டி டிகிரி. ஆர் ரேடியன், பாடத்தில் வரும். ஜி பாடத்தில் வராது. கைதவறி அதில் விழுந்தால் விடை கெட்டுப்போகும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஒரு தேர்வில் எனக்கு ஏழு மதிப்பெண் அப்படிப் போனது. பிறகுதான் தேடிப் படித்தேன். கிரேடியன். அதில் செங்கோணம் நூறு, முழு வட்டம் நானூறு.

குறிப்பேட்டைத் திறந்து, திருத்தாத மூன்று எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டினேன். 300.7775. நானூறிலிருந்து கழித்தேன். 99.2225. நான்கு மூலையும் நூறை ஒட்டி நின்றன. பெட்டிதான்.

இதைச் சொன்னால், பொத்தானை அழுத்தியது யார் என்று கேட்பார்கள். துண்டுக் காகிதத்தை மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

முக்காலி அண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். “என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? மாமா திட்டினாரா?”

முதலாளி கண்ணாடிக் குண்டை நகர்த்தினார். “மச்சான், உக்காரு. ஒரு விஷயம்...”

“சார்” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். “சார், இந்த மிஷினை ஒரு சுத்து சுத்திப் பாருங்க.”

“இப்ப அதுவா முக்கியம்?”

“ஒரே ஒரு சுத்து சார்.”

அவர் எழுந்து வந்தார். கதவை நோக்கிப் பூஜ்யம் வைத்து மெதுவாகத் திருப்பினார். எதிர்ச் சுவருக்கு நேராக வந்தபோது இருநூறு. அவர் கை நின்றது. பிறகு திருப்பிக்கொண்டே போனார். முந்நூற்று ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. கதவு இன்னும் வரவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் கதவின் விளிம்பு வந்தது. அடுத்தது பூஜ்யம்.

“இது டிகிரி இல்ல சார். கிரேடியன். ஒவ்வொண்ணையும் பாயிண்ட் ஒன்பதால பெருக்கினா டிகிரி. நான்தான் வாங்கும்போது பார்க்காம அழுத்திட்டேன்.”

“நீயா?”

“ஆமா சார்.”

“அப்ப என் கண்ணுக்கு என்ன?” என்றார் முக்காலி அண்ணன். யாரும் அவர் கண்ணைப் பற்றி அவரிடம் பேசியிருக்கவில்லை. ஆனால் தெரிந்திருக்கிறது.

“ஒண்ணுமில்லண்ணே. கடைசி இலக்கம் வரைக்கும் சரியாப் படிச்சிருக்கீங்க.”

முதலாளி மேஜைக்குப் போனார். கைக்கு அகப்பட்ட காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பெருக்க ஆரம்பித்தார். அது எந்தக் காகிதம் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. 98.6420 பெருக்கல் 0.9. புள்ளிக்குப் பின்னால் வந்ததை அறுபதால் பெருக்கி நிமிடம், மறுபடி அறுபதால் பெருக்கி விநாடி. மூன்று கோணத்துக்கும் போட்டார். நான்காவது மூலை எண்பத்தொன்பதைத் தாண்டி வந்தது.

“சரியா இருக்கான்னு பாரு” என்று மச்சானிடம் நீட்டினார்.

முக்காலி அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். “எண்பத்தெட்டு டிகிரி, நாப்பத்தாறு நிமிஷம், நாப்பது விநாடி. சரி மாமா.”

பிறகு காகிதத்தைத் திருப்பினார்.

“அது வேற. குடு” என்று கை நீட்டினார் முதலாளி.

முக்காலி அண்ணன் கொடுக்கவில்லை. தேதியிலிருந்து கையெழுத்து வரை நிதானமாகப் படித்து முடித்தார்.

“இந்தப் பக்கமும் நல்லாத் தெரியுது மாமா” என்றார்.