முட்டி போச்சு

"பையன் நல்லவன்தான். ஆனா முட்டி போச்சு."

இந்த ஒற்றை வரியால் என் பிழைப்பில் மண்ணைப் போட்டவர் என் பழைய கோச். நான் கடல் கடந்து வந்து ஆடிய முதல் கால்பந்து கிளப்பில் நம் மொழி பேசிய ஒரே மனிதர். வாய்க்கு வாய் "தம்பி, தம்பி" என்பார். பெரிய கிளப் ஒன்று என்னைக் கேட்டபோது, என்னை விட மனமில்லாமல் போனில் இப்படிச் சொல்லிவைத்தார். அடுத்த வருடம் அவரே என்னைக் கழற்றிவிட்டார். அந்தப் பேச்சு மட்டும் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் நின்றது. ஏழு வருடம், ஆறு கிளப். எங்கே போனாலும் டாக்டரின் கை முதலில் என் இடது முட்டியைத்தான் அமுக்கும். குறை ஒன்றும் தென்படாது. ஆனாலும், "எதுக்கும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்பார்கள். என் மனைவி பாத்திரப் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள்.

இந்த வருடத்தின் கடைசி ஆட்டம் அந்தப் பழைய கோச்சின் அணியோடு. தோற்றால் அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும், அவர் வேலையும் போகும்.

காலையில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, அந்த ஆளைப் பார்த்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் மனைவி.

"நொண்டுவேன்."

நாங்கள் வார்ம்-அப் செய்யும்போது தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வேவு பார்ப்பது அவர் பழக்கம். எனக்குத் தெரியாதா? எங்கள் கோச்சிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இடது முட்டியில் தடியாக பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நாலு ஓட்டம் ஓடி முகத்தைச் சுளித்தேன். அவர் என் பக்கம் காவல் நிற்க வேண்டியவனைக் கூப்பிட்டு, என்னைக் கண்ணால் காட்டி, 'அவனை விட்டுட்டு அங்கே போய் நில்லு' என்பதுபோல் மைதானத்தின் நடுவே கையை நீட்டினார். தான் கட்டிவிட்ட கதையைத் தானே நம்பிவிட்டார் மனுஷன்!

எண்பது நிமிடம் நொண்டினேன். எங்கள் ரசிகர்களே என்னைத் திட்டித் தீர்த்தார்கள். இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது பந்து இடது ஓரத்துக்கு வந்தது. என் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஓடினேன் பாருங்கள், இருபது வயதில்கூட அப்படி ஓடியதில்லை. இடது காலால் ஒரே அடி. கோல்!

ஆட்டம் அப்படியே முடிந்தது. உடைமாற்றும் அறைக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார்.

"முட்டி நல்லாத்தான் இருக்கா, தம்பி?"

"எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

தலையைக் குனிந்துகொண்டார். "என்னைப் போகச் சொல்லிட்டாங்கப்பா. உங்க கிளப்புல உதவி கோச் இடம் காலியாமே. ஒரு வார்த்தை சொல்லேன்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

அந்த வாரமே எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் உதவி கோச் வேலைக்கு நாலைந்து பெயர்கள் எழுதிய தாள். அதில் என் பழைய கோச்சின் பெயர்மேல் விரலை வைத்தார். "நீ இவர்கிட்ட ஆடியிருக்கியே, ஆள் எப்படி?"

"ஆள் நல்லவர்தான்" என்றேன். "ஆனா கண்ணு போச்சு."

மேனேஜர் அந்தப் பெயரை அடித்தார். அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.