துரையின் காரைக் கொடுத்து வாங்கிய ஜீப்

என் வீட்டுக்காரர் சுமன் அந்தக் காரைப் பழிவாங்கத்தான் வாங்கினார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இவருடைய அப்பா கந்தப்பன் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் வெள்ளை பென்ஸ் தூரத்தில் வருவது தெரிந்தால் ரோட்டை விட்டு ஓரத்து வடிகானுக்குள் இறங்கி, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாராம். மாமா காலமாகி, அந்தத் துரையும் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போகும்போது கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், சுமன் மழையையும் பாராமல் ஓடிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்களுக்குக் கினிகத்தேனை பஜாரில் ஹாட்வெயார் கடை. அதை ஒட்டியே என்னுடைய பியூட்டி பாலர். சீமெந்து மூட்டைக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். இப்படி ஒரு குடும்பத்துக்கு பென்ஸ் எதற்கு என்று நான் கேட்டது அவர் காதில் ஏறவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். வீம்பு அதற்கும் அக்காள்.

அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் இன்னும் என் மாமியார் நாகலெட்சுமியும் நாத்தனார் நிலக்ஷியும் இருக்கிறார்கள். அங்கே போக முன்பு இரண்டு வழி இருந்தது. ஆற்றோரப் பாதையை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது பங்களா ரோடு. அதன் அடிவாரத்தில் ஓர் இரும்புக் கேட். நடந்து போகிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடுக்கு வழியாகப் போகலாம். கொழுந்து லொறியும் தோட்டத்து வாகனமும் தவிர வேறெந்த வண்டியும் உள்ளே போகக்கூடாது என்பது புதிதாக வந்த துரையின் சட்டம். ஆட்டோக்காரர்கள்கூட நோயாளியைக் கேட்டடியில் இறக்கிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

எங்கள் கார் மட்டும் போகும். வாச்சர் கஸ்பர் அண்ணன் அந்தக் காருக்கு வருஷக்கணக்காகக் கேட் திறந்தவர். வளைவில் வெள்ளை மூக்கு தெரிந்ததும் அவர் கை தானாகப் பூட்டைத் தேடும். திறந்து, விறைப்பாக நின்று சலூட் அடித்த பிறகுதான் உள்ளே இருப்பது கந்தப்பன் மகன் என்பது ஞாபகம் வரும். "அட, நீயாடா" என்று தலையில் அடித்துக்கொள்வார். அடுத்த தடவையும் இதே கூத்துத்தான். ஒருநாள் புதுத் துரையே மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தவர், கம்பனிப் பெரியவர் யாரோ வருகிறார் என்று நினைத்து ஓரம் கட்டி இறங்கி நின்றார். அன்று இரவு சுமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்திலேயே வயிறு நிறைந்துவிட்டதாம்.

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரியாதையெல்லாம் பெரட்டுக்களம் வரைக்கும்தான். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த மைதானத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு மேல் லயத்துக்குப் போவது கல்லும் குழியுமான பாதை. பென்ஸின் அடிவயிறு முதல் கல்லிலேயே உரசும். அங்கே காரை நிறுத்திவிட்டு எங்கள் மகள் லோஜினியைச் சுமன் தூக்கிக்கொண்டு நடப்பார்.

லோஜினிக்குப் பிறவியிலேயே கால்களில் பலம் இல்லை. இடது கால் கொஞ்சம் பாரம் தாங்கும், வலது கால் அதுவும் தாங்காது. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சக்கர நாற்காலிதான் அவளுக்கு. அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த, மடிக்க முடியாத நாற்காலி. பென்ஸின் டிக்கிக்குள் அது போகவே போகாது. அதனால் வெளியே போனால் அப்பாவின் தோள்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது அவளுக்கு விளையாட்டு. பெரிய பிள்ளை ஆன பிறகு அப்படி இல்லை. லயத்து வாசல்களில் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறும். அதை இழுத்துவிடக் கை எட்டாமல் அவள் முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் நிலக்ஷிக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். லோஜினி மருதாணி போட்டால் கினிகத்தேனையில் மணப்பெண்கள் கையை மடக்காமல் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார்கள், அப்படி ஒரு கை அவளுக்கு. நிலக்ஷி போன் எடுத்து, "என் கைக்கு நீதான் மருதாணி போடணும். வேற ஒருத்தரையும் நான் தொடவிட மாட்டேன்" என்றாள்.

"நீங்க இங்க வாங்க அத்தை, நான் போட்டு விடுறேன்."

பரிசத்துக்கு நாள் குறித்த பெண் வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். லோஜினி போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"நான் போகல. அப்பா என்னைய மூட்ட மாதிரி தூக்கிட்டு போக, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்க, எனக்கு ஏலாது. இனிமே என்னைய யாரும் தூக்கவேணாம்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

"காரக் குடுத்துட்டு ஜீப் ஒண்ணு மாத்துவோம்" என்றேன். "பின்னுக்கு வீல் செயார் போகும். கல்லு ரோட்டுல லயத்து வாசலுக்கே போகலாம்."

சுமன் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அறிவோட பேசு பிரேமினி. ஜீப்புன்னா கஸ்பர் அண்ணன் கேட்டத் தொறக்க மாட்டாரு. இந்தக் காருனாத்தான் நமக்குத் தொறக்குறாங்க."

"நமக்கா? அந்தத் தொரைக்குத் தொறக்குறாங்க. அவரு இல்லாட்டியும் அவரு காருக்குத் தொறக்குறாங்க. நீங்க அந்தக் காருக்கு டிரைவருங்க, அவ்வளவுதான்."

சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் வாபஸ் வாங்கவில்லை. இரண்டு நாள் அவர் கடையிலேயே சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் காரைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவிட்டு, "அட்டனுக்குப் போவோம், வா" என்றார். லோஜினியும் வந்தாள்; அவள் நாற்காலி கடைக்குச் சாமான் ஏற்றும் லொறியில் பின்னால் வந்தது.

அட்டனில் வாகனம் வாங்கி விற்கும் கஜேந்திரன், பென்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதக் குடுத்துட்டு அதையா எடுக்கப் போறீங்க? ராஜா மாதிரி வண்டிங்க இது" என்றார். அவர் அப்படிச் சொன்ன அந்த ஜீப் சாம்பல் நிறம், ஏழு பேர் உட்காரலாம், பின்கதவில் கீறல். யாரோ ஒரு பெரிய குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகப் பாவித்த வண்டி என்பது சீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. சுமனுக்கு அது பிடிக்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு டயரைக் காலால் தட்டினார்.

லோஜினி நாற்காலியை ஜீப்பின் கதவோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். மேலே இருந்த பிடியை எட்டிப் பிடித்து, இடது காலைப் படிக்கட்டில் ஊன்றி, ஒரே எம்பு. சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் தள்ளித் தள்ளி உரமேறிய கை அது. மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணாடியை இறக்கி, "அப்பா, இங்க இருந்து பாத்தா டவுனே தெரியுது" என்றாள். சுமன் அதற்குப் பிறகு டயரைத் தட்டவில்லை. கஜேந்திரனிடம் திரும்பி, "கடதாசியக் கொண்டாங்க" என்றார். பிறகு போய்ப் பென்ஸுக்குள் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. இருக்கட்டும், பாவம்.

பஜாரில் மறுநாளே கதை கட்டிவிட்டார்கள். சுமன் கடை படுத்துவிட்டதாம், காரை விற்றுத்தான் காலம் ஓடுகிறதாம். பாலருக்குப் புருவம் திருத்த வந்த ஒருத்தி, "வீட்டுல ஏதும் பிரச்சினையா அக்கா?" என்று தேனொழுகக் கேட்டாள். "ஆமா, வீடு சின்னதாப் போச்சு, வண்டியப் பெருசாக்கிட்டோம்" என்றேன். அவள் புருவத்தில் நூலைக் கொஞ்சம் அழுத்தித்தான் இழுத்தேன்.

பரிசத்துக்கு முதல் நாள் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் லோஜினி, மடியில் மருதாணிப் பெட்டி. பின்னால் சுமன், தாம்பாளங்கள், பலகாரம், நாற்காலி. கேட்டடிக்குப் போனதும் கஸ்பர் அண்ணன் எங்களைப் பார்த்தார். பூட்டைத் தொடவில்லை.

"கார் எங்கடா?" என்று சுமனைக் கேட்டார்.

"மாத்தியாச்சுண்ணே."

"கெட்டிக்காரன்டா நீ. இப்ப நான் என்னா செய்ய? தெரியாத வண்டி உள்ள போச்சுன்னா எனக்குத்தான் வேல போகும். தொரைகிட்டக் கேட்டுக்கிறேன்."

போன் எடுத்தார். துரை அதே மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தார். இளவட்டம், சிங்களவர், முகத்தில் கெட்டதனம் இல்லை. ஆனால் துரைமார் தோட்டத்தில் படிக்கும் தமிழில் 'வாங்க', 'போங்க' இருக்காது.

"வண்டி உள்ள போக ஏலாது. இங்க வை. நடந்து போ."

மகளால் நடக்க முடியாது என்று நான் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்தில் மரியாதை குறையவில்லை. அவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகியதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இந்த இளக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ பாவம்" என்றார். "சரி, நான் லொறி அனுப்புறேன். ரெண்டு ஆள் வந்து புள்ளையத் தூக்கி வைக்கும். இன்னக்கி மட்டும்."

சுமன் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். நான் கண்ணாடியில் அவரை ஒரு முறை முறைத்தேன். அதற்குள் லோஜினி கதவைத் திறந்து, "அப்பா, செயாரை எடுத்துத் தாங்க" என்றாள். நாற்காலி வந்தது. பிடியைப் பிடித்துத் தானாகவே இறங்கி உட்கார்ந்து, நேராகத் துரையின் முன்னால் போய் நிறுத்தினாள்.

"சேர், நடந்து போறவங்க போகலாந்தானே?"

"ஆமா. நடந்தாப் பிரச்சினை இல்ல."

"அப்ப நான் போறேன்."

அவள் பக்கத்து இடுக்குக்குப் போனாள். சைக்கிள் நுழையக்கூடாது என்று நடுவில் ஒரு கல் நட்டிருந்தார்கள். சக்கரம் அதில் முட்டியது. பின்னால் எடுத்து இன்னொரு தடவை விட்டாள். மறுபடியும் முட்டியது. கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கஸ்பர் மாமா" என்றாள் லோஜினி. "நான் நடந்து போற ஆளு. இதுல போக ஏலாது. பெரிய கேட்டத் தொறங்க."

கஸ்பர் அண்ணன் துரையைப் பார்த்தார். சொன்ன சொல் துரையுடையது, எப்படி மறுப்பார்? துரை சரி என்று தலையை ஆட்டினார். கேட் திறந்தது. லோஜினி உள்ளே போனாள். போனவள் மேலே ஏறவில்லை. நாற்காலியைத் திருப்பி, கேட் வந்து பூட்டு விழும் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள்.

"அம்மா, ஜீப்ப எடுங்க."

துரைக்கு விளங்க ஒரு நொடி ஆனது. "கேட்ட மூடு" என்றார்.

"எப்பிடித் தொர மூடுறது?" கஸ்பர் அண்ணனின் குரலில் பயத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. "புள்ள நிக்குதே."

துரை சுமனிடம் திரும்பினார். "புள்ளையத் தூக்கு."

சுமன் பழக்கத்தில் ஓர் அடி எடுத்து வைத்தார். கைகள்கூட முன்னால் நீண்டன. அத்தனை வருஷம் தூக்கிய கை. லோஜினி அவரை நிமிர்ந்து பார்த்தாள், கெஞ்சவில்லை. சுமன் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் துரையின் முன்னால் அப்படி நின்றவர் அவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

"மாட்டேன் சேர்" என்றார். "அவ விரும்ப மாட்டா."

நான் ஜீப்பை எடுத்தேன். அவசரப்படவில்லை. துரையின் மோட்டார் சைக்கிளைத் தாண்டி, கஸ்பர் அண்ணனைத் தாண்டி, என் மகளை உரசாமல் உள்ளே ஏற்றி நிறுத்தினேன். அவள் பிரேக்கை எடுத்துவிட்டு வந்தாள். பிடியைப் பிடித்தாள், காலை ஊன்றினாள், எல்லோரும் பார்க்க ஏறி உட்கார்ந்தாள். கூடைக்காரப் பெண்களில் ஒருத்திகூட உச்சுக் கொட்டவில்லை. சுமன் நாற்காலியைப் பின்னால் ஏற்றிவிட்டு, காலால் உதைத்துக் கதவைச் சாத்தினார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காரிலும் உட்கார்ந்ததில்லை.

துரை கண்ணாடியோரம் வந்தார். கோபம் பாதி, வெட்கம் பாதி.

"இன்னக்கி மட்டுந்தான்" என்றார்.

லோஜினி மருதாணிப் பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"பரிசம் நாளைக்கு சேர்" என்றாள். "நாளைக்கும் இதுலதான் வருவோம்."