ஏறிக்கொண்டிருந்த கோடு

சனிக்கிழமை மதியம் டன்லப் ஸ்திரீட் சாப்பாட்டுக் கடையில், முர்தபா தட்டை ஒதுக்கிவிட்டு சுரேந்தர் மடிக்கணினியைத் திறந்தார். எங்கள் மென்பொருளின் அடுத்த ஆண்டுத் திட்டத்தை அன்று முடிவு செய்தாக வேண்டும். தரவைக் கொடுத்தால் எது எதற்குக் காரணம், எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல் தொகுப்பு அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நானும் அவரும் சம்பளமில்லாமல் கட்டி மேய்க்கிறோம்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். அதில் எது எத்தனை மணிக்கு நடக்கும் என்று நேரத்தைக் கணிக்கும் பகுதியைத் தூக்கிவிட வேண்டும். அது சுரேந்தர் எழுதியது, தலைப்பிள்ளை மாதிரி கொஞ்சுவார். ஒவ்வொரு வெளியீட்டிலும் அதுதான் உடையும். போன நோன்புப் பெருநாள் அன்றைக்குக்கூட, கூடத்தில் விருந்தாளிகள் காத்திருக்க, பிடோக் வீட்டில் அறையைச் சாத்திக்கொண்டு உடைந்த நிரலுக்கு ஒட்டுப் போட்டவள் நான். அலுத்துவிட்டது.

"ஷமீமா, இதைப் பாருங்க." திரையில் இருந்த வரைபடத்தில் அந்தப் பகுதியின் டவுன்லோட் கோடு மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. "இவ்ளோ பேர் யூஸ் பண்றாங்க. எப்படிங்க தூக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சோதனை இயந்திரமே தினமும் அதைப் புதிதாக இறக்கித்தான் சரிபார்க்கும். நாங்கள் சோதனைகளைக் கூட்டக் கூட்டக் கோடும் ஏறும். இரண்டு விஷயம் சேர்ந்து ஏறினால் உடனே நம்பாதே, ஒன்றை நிறுத்திப் பார் என்று ஊருக்கே பாடம் எழுதி வைத்திருப்பவர்கள் நாங்கள். நல்ல லட்சணம்!

"டெஸ்ட்டை ஒரு வாரம் ஆஃப் பண்ணிப் பார்ப்போம்லா," என்றேன்.

அவர் முகம் வாடியது. "சரிங்க," என்றார்.

அடுத்த சனிக்கிழமை, அதே மேசை. கோடு தரையோடு கிடந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. நாளுக்கு ஒரு டவுன்லோட் மட்டும் மிச்சம்.

"யாரோ ஒருத்தர் இருக்காங்க பாருங்க," என்றேன், ஆறுதலுக்கு.

"நான்தாங்க அது."

சாங்கி விமான நிலையத்தில், சரக்கு விமானப் பிரிவில் அவருக்கு வேலை. அங்குள்ள கணினி தினமும் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால் தினமும் இறக்குவாராம்.

"எந்த ஃபிளைட் லேட்டாகும்னு போட்டுப் பார்த்துட்டு, எத்தனை மணிக்கு வருவேன்னு சங்கீதாவுக்குச் சொல்லுவேன். இல்லேன்னா சாப்பிடாம உட்கார்ந்திருப்பா. அவளுக்காக எழுதினதுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் மனைவியைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பழைய வெர்ஷன் இருக்கும்லா, ஓடும்," என்றேன்.

"எத்தனை நாளைக்கு?" சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, திட்டத்தில் 'நீக்கலாம்' என்று அவரே தட்டினார். "பெருநாளன்னிக்கு உங்க வீட்ல எல்லாரும் என்னைத்தான் திட்டியிருப்பாங்க."

திட்டினார்கள்தான். நான் சொல்லவில்லை.

மாலை வேலைக்குக் கிளம்ப மடிக்கணினியை மூடிவிட்டு அவர் எழுந்தபோது கைபேசி ஒலித்தது. "இன்னைக்கு எப்ப வருவீங்க?" சங்கீதாவின் குரல் எனக்கே கேட்டது. பழக்க தோஷம், கணித்துச் சொல்ல மடிக்கணினியைத் திறக்கப் போனார். மூடியின் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"தெரியல சங்கீதா," என்றார். "நீ சாப்பிட்டுடு."