தலைமாட்டில் ஓர் இடம்

ஈர மணலில் கேமரா ஸ்டாண்டின் மூன்றாவது காலை லீமாரோஸ் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தபோது, அய்யாவின் சவப்பெட்டியை நால்வர் சுமந்துவந்து, கடலுக்குப் பத்தடி முன்னால் போடப்பட்டிருந்த இரு பெஞ்சுகளின்மேல் இறக்கினர்.

“மெதுவா, மெதுவா. ஏலே, தலைமாடு எந்தப் பக்கம்னு கேட்டு வைங்கலே,” என்றார் சித்தப்பா.

“கெழக்க சித்தப்பா. அக்கா அப்படித்தான் சொல்லுச்சு,” என்றான் தம்பி பிரடெரிக்.

அவள்தான் அவ்வாறு சொல்லியிருந்தாள். மாலை நான்கு மணிக்கு மேற்கிலிருந்து வரும் வெளிச்சம், தலை கிழக்கே இருந்தால்தான் அய்யாவின் முகத்தில் நேராக விழும். கோவிலுக்குக் கொண்டுபோகுமுன் பெட்டியைச் சூழக் குடும்பத்தார் நின்று படம் எடுத்துக்கொள்வது அவர்கள் தெருவின் வழக்கம். படமெடுக்க வேறு யாரையும் அழைக்கலாமா என்று எவரும் யோசிக்கவில்லை. வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே.

வெளியூர்க் குடும்பங்கள் கடலாடுவதையும், குழந்தைகள் முதல் அலையைக் கண்டு அலறுவதையும் படமெடுத்துக் கொடுப்பது லீமாரோஸின் தொழில். முப்பத்தொன்பது வயதான அவள் இராமநாதபுரத்தில் ஓர் அறையெடுத்துத் தனியாக வசித்தாள். தன் வீட்டாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. அய்யா அருளானந்தம் வள்ளத்தைத் தோள்கொடுத்துத் தள்ளுவது, அம்மா ரெஜினா முழங்கால் நீரில் குனிந்து மட்டி பொறுக்குவது, பெரிய தம்பி ஆன்டனி ராஜ் குவைத்துக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் நீருக்குள் குட்டிக்கரணம் அடித்தது, பிரடெரிக்கின் மனைவி பிரெசில்லா புதுப்பெண்ணாகப் பட்டுச்சேலையோடு பாசியில் வழுக்கி விழுந்தது என்று பதினெட்டு ஆண்டுப் படங்கள் அவளுடைய கணினியில் இருந்தன.

நேற்றுப் பகலில் அய்யா இறந்தபின், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒரு முகம் தேடி அவையனைத்தையும் அவள் புரட்டிப் பார்த்தாள். ஒன்றிலேனும் அவள் இல்லை.

ஒரு படத்தில் அய்யா இடுப்பளவு நீரில் நின்று, அவளை நோக்கிக் கையை நீட்டியிருந்தார்.

“ஏத்தா ரோசு, அந்தக் கேமராவக் கரையில வச்சுட்டு வா. தண்ணி வெதுவெதுன்னு கெடக்கு,” என்று அன்று கூப்பிட்டார்.

“இந்தா வாரேன்யா. ஒரே ஒரு படம்.”

ஒரே ஒரு படம் என்று சொல்லி அன்று முப்பத்தேழு படங்கள் எடுத்திருந்தாள். முப்பத்தேழாவது படத்தில் அய்யா கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே, இன்றைய படத்தில் மட்டும் அவருடைய தலைமாட்டில் தானும் நின்றுவிட வேண்டும் என்று அவள் உறுதி செய்திருந்தாள். இனி அவரோடு நிற்பதற்கு வேறு படம் கிடையாது. ஸ்டாண்டு கொண்டுவந்ததும் அதற்காகத்தான்.

“ஸ்டாண்டு எதுக்கு மதினி? எப்பவும் கையிலதான எடுப்பீங்க?” என்று பிரெசில்லா கேட்டாள்.

நானும் நிற்கப்போகிறேன் என்று சொல்ல லீமாரோஸ் வாயெடுத்தாள். இடத்தைக் கேட்டு வாங்குவது போலிருக்கவே பேச்சை மாற்றினாள்.

“காத்தா இருக்குல்ல. கை ஆடிரும்.”

“படம் புடிக்கிறவளுக்கே கை ஆடுனா, மீன் வெட்டுற என் கதி என்னாவுறது?” என்றாள் அருகில் நின்ற பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள். அழுது சிவந்த கண்களோடு இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கோவிலிலிருந்து உபதேசியார் மூன்றாம் முறையாக வந்து நின்றார். “சாமியார் பூசைக்கு உடுப்பு மாட்டிட்டாரு. அஞ்சு நிமிசந்தான் பாத்துக்கங்க.”

“ஏலே பிரடெரிக், சட்டைப் பட்டனப் போடு. ஒங்கய்யா இருந்தா இந்நேரம் ஏசியிருப்பாரு,” என்றார் சித்தப்பா.

குடும்பம் பெட்டிக்குப் பின்னால் கடலுக்கு முதுகுகாட்டி வரிசையாக நின்றது. லீமாரோஸ் கேமராவுக்குள் பார்த்தாள். கால்மாட்டில் சித்தப்பா. நடுவில் பிரெசில்லாவும் அவள் மகளும். அடுத்துப் பிரடெரிக். தலைமாட்டின் ஓரத்தில் அம்மா. அம்மாவுக்கும் பிரடெரிக்குக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் வாய்திறந்து கேட்கவில்லை, அவர்களாகவே விட்டிருந்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டைமரைப் பத்து விநாடிக்கு வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. மணலில் கால் புதையப் புதைய ஓடி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றாள். அய்யாவின் நெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள்.

அம்மா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: “ஏத்தா, அங்கன நிக்காத. அது ஆன்டனிக்கு விட்ட எடம்.”

“அண்ணன் குவைத்துலருந்து போட்டோ அனுப்பிருச்சுக்கா. ஸ்டுடியோவுல சேத்துத் தாரேன்னுருக்காங்க,” என்றான் பிரடெரிக், உதட்டை அசைக்காமல்.

விளக்கு வேகமாகத் துடித்தது. லீமாரோஸ் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் முதுகுப்பக்கமாக விலகினாள். கேமரா சொடுக்கியது.

திரும்பி நடந்து போய்த் திரையைப் பார்த்தாள். ஐவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தனர். அம்மாவின் தோளுக்குப் பின்னால் குனிந்த தலையொன்றும், காற்றில் கலைந்து முகத்தை மறைத்த கூந்தலும் தெரிந்தன. யாரோ அவ்வழியே போனவள் போல.

பிரடெரிக் வந்து எட்டிப் பார்த்தான். “இதுல நீ குறுக்க வந்துட்டக்கா. இன்னொண்ணு எடுத்துரு.”

உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோவில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து, மகளை உற்றுப் பார்த்தாள்.

“ஏத்தா ரோசு, நீயும் நிக்கணுமா?”

அனைவரும் அவளைப் பார்த்தார்கள்.

“இல்லம்மா. டைமர் வேல செய்யுதான்னு பாத்தேன்.”

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு காலை முன்வைத்து, கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“பிரடெரிக், நீ அப்படியே நில்லு. அம்மா, நீ மட்டும் இன்னுங் கொஞ்சம் தள்ளிக்க. ஆன்டனிக்குத் தோள் அகலம். அவ்வளவு எடம் பத்தாது.”

அம்மா அரையடி நகர்ந்தாள். இடைவெளியில் கடல் முன்னிலும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது.