என்ன முறை?

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது என் கணவன் நிலக்சன் கடலில். பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நல்ல செய்தி சொல்ல எவன் பெரியவர்களைக் கூப்பிடுகிறான்?

என் அப்பா நவரத்தினம் வயல் வேலையைப் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். மாமா, அதாவது நிலக்சனின் தகப்பன் கொன்ஸ்ரன்ரைன், வங்காலையிலிருந்து என்னோடு ஓட்டோவில் வந்தார். மன்னார் ஆஸ்பத்திரி மர வாங்கில் நான் நடுவில் உட்கார்ந்தேன், ஆளுக்கொரு பக்கமாக அவர்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா எங்கள் கலியாணத்துக்கே வரவில்லை. "அவை மாதாகோயில் வேதக்காரர், கடல்காரர். அவையின்ரை இரத்தம் வேற, எங்கட இரத்தம் வேற" என்று ஒற்றைக்காலில் நின்றவர். இத்தனைக்கும் இந்தியாவில் அகதி முகாமில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அவர்கள் வீட்டுக் குழம்பு வாசத்தில் நாங்கள் சோறு தின்றிருக்கிறோம். அங்கே இல்லாத இரத்தம் ஊருக்குத் திரும்பியதும் எங்கிருந்து வந்ததோ!

ஜெனிஸ்ரா என் மடியில் கிடந்தாள். எட்டு மாதப் பிள்ளை. உதடு வெளிறி, பால் குடிக்கவும் களைத்துப்போகிறாள்.

சின்ன டொக்டர் வந்து எங்கள் முன்னால் நின்றா.

"உங்களுக்கும் நிலக்சனுக்கும் தலசீமியா எண்ட இரத்தப் பழுது இருக்கெண்டு முதலே சொன்னனான். ஒரு பங்குதான், அதாலை நீங்கள் சுகமாய் இருக்கிறியள். ரெண்டு பேரின்ரை பழுதும் பிள்ளைக்குச் சேர்ந்து வந்திருந்தால்தான் நோய். அதைப் பெரிய டொக்டர் சொல்லுவார்."

"பழுது அவையின்ரை பக்கத்தாலை வந்ததுதானே?" என்று அப்பா கேட்டார். எனக்கு மானம் போனது.

"இல்லை ஐயா. ரெண்டு பக்கமும் ஒரே பழுது. மரபணுவிலை ஒரே இடத்திலை. உங்களுக்கும் அவைக்கும் எத்தினையோ தலைமுறைக்கு முந்தி ஒரே பூட்டன் இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு அவ உள்ளே போனா. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வெட்கமாக்கும், நல்லா வேணும் என்று நினைத்தேன்.

"அப்ப என்ன முறை?" என்றார்.

"என்னப்பா?"

"ஒரே பூட்டன் எண்டால் சொந்தம். சொந்தம் எண்டால் முறை இருக்கவேணும். நிலக்சன் உனக்கு அண்ணன் முறையாய் வந்தால்? ஐயோ பிள்ளை, அதாலைதான் குழந்தைக்கு இப்பிடியோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுவரை இரத்தம் வேறு. இன்றைக்கு அதே இரத்தம் அளவுக்கு மிஞ்சிப்போய்விட்டது!

"வாயை மூடுங்கோ அப்பா! என்ரை பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்குது, நீங்கள் முறை பாக்கிறியள்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆனால் அப்பா பிள்ளையின் வெளிறிய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் என்னைப்போலவே பயம். பயந்தால் அவருக்கு இப்படித்தான் புத்தி ஓடும்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்டு சொல்லட்டோ? அந்தப் பூட்டனுக்கு ஒரு மகன், ஒரு மகள் எண்டு வையுங்கோ. மகன் வழி நீங்கள், மகள் வழி நாங்கள். அப்ப எங்கட பிள்ளையள் கட்டுற முறைதான். பிழையில்லை."

"அப்ப நீர் எனக்கு என்ன முறை?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

அப்பா குனிந்திருந்து விரல்களை மடக்கி மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தார். எனக்கு அவர் கணக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பெரிய டொக்டரின் கதவு திறக்கக்கூடாது. திறந்தால் நல்லதாகத் திறக்கவேண்டும். மடு மாதாவையும் கூப்பிட்டேன், எங்கள் ஊர்ப் பிள்ளையாரையும் கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. பெரிய டொக்டர் எங்களை உள்ளே இருத்தித்தான் சொன்னார்.

"ரெண்டு பழுதும் வந்திட்டுது. மாசாமாசம் இரத்தம் ஏத்தவேணும். தவறாமல் ஏத்தினால் வளருவா, பள்ளிக்கூடம் போவா. இண்டைக்கே தொடங்குவம்."

வளருவா என்றது காதில் விழுந்தது. மாசாமாசம் என்றது நெஞ்சில் விழுந்தது. நேர்ஸ் பிள்ளைக்காகக் கை நீட்டினா. "தரமாட்டன்" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். நிலம் சுற்றியது. யாரோ என் கைகளை மெல்ல விலக்கிப் பிள்ளையை வாங்கினார்கள். அப்பா.

"மச்சான், இவளைப் பிடியும். விழப்போறாள்."

மாமா அதற்குள் என் தோளைப் பிடித்துவிட்டார்.

"பிடிச்சிட்டன் மச்சான். நீர் பிள்ளையோடை போம்."