பூஜ்யத்தை மிதித்து நின்றவர்

ரயில் பாதையை எங்கே தொடங்குவது என்று ஊர் முடிவு செய்யும் வரை காலை எடுக்காதே என்று நிறுத்தப்பட்ட சங்கிலிக்காரர், அதே இடத்தில் பதினோரு வருஷம் நின்றார். உட்காரவில்லை, படுக்கவில்லை. நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியை இரண்டு பேர் பிடிப்பார்கள். ஒருவர் முன்முனையை இழுத்துக்கொண்டு நடப்பார். மற்றவர் கடைசி வளையத்தைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு நிற்பார். மிதித்து நிற்கிறவர்தான் பூஜ்யம். அவர் நகர்ந்தால் அத்தனை அளவும் பொய். நம்மவர் அந்த வேலையில் கெட்டிக்காரர், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார் என்று பெயர் வாங்கியவர். அந்த நல்ல பெயர்தான் அவரை மாட்டிவிட்டது.

சண்டை துறைமுகத்தாருக்கும் சந்தைமேட்டாருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மைல் பொட்டல். சரக்கு கப்பலில் வந்து இறங்குவது எங்களிடம், ஆகவே ரயில் இங்கேதான் பிறக்க வேண்டும் என்றார் துறைமுகத்தாரின் தலைவரான கப்பல் ஏஜெண்டு. ஏற்றுவதற்குத் தானியம் கொடுப்பதே நாங்கள்தான் என்றார் சந்தைமேட்டுத் தலைவரான மண்டிக்காரர். ரயில் எப்படியும் இரண்டு இடத்திலும் நிற்கப் போகிறது. ஆனால் இரண்டாவது நிலையமாக இருக்க இருவருக்கும் மனசில்லை. கம்பெனியின் துரை ஏழு கூட்டம் போட்டுப் பார்த்துச் சலித்து, ஒரு காகிதத்தை நீட்டினார். தொடக்க இடம் பின்னர் முடிவாகும், அதுவரை சங்கிலிக்காரர் நிற்கும் இடமே பூஜ்யம் என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கு அவர் பொட்டலின் நட்டநடுவில் நின்றிருந்தார். இரண்டு தலைவர்களும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். விடிந்ததும் ஆளைப் பேசித் தன் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒவ்வொருவரும் மனக்கணக்குப் போட்டிருந்தார்கள். எதிராளிக்கும் அதே யோசனை வரும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. அப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்!

விடிந்ததும் இரண்டு கூட்டமும் வந்து கூப்பிட்டன. அவரும் கிளம்பப் பார்த்தார். கால் வரவில்லை. வைத்தியர் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்து, நரம்பில் கோளாறு இல்லை என்றார். சுற்றிலும் தோண்டினார்கள், நாலு அடி ஆழத்துக்குப் போன பிறகும் அவர் ஒரு மண் தூணின் மேல் அப்படியே நின்றார். பாவம், தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதால் குழியை மூடினார்கள். துறைமுகத்தார் அவர் இடுப்பில் வடம் கட்டிப் பன்னிரண்டு எருதுகளைப் பூட்டி இழுத்தபோது அவர் நகரவில்லை, துறைமுகம்தான் மூன்று அடி அவர் பக்கம் வந்தது. சந்தைமேட்டார் பதினாறு எருதுகளைப் பூட்டினார்கள். சந்தை நாலு அடி வந்தது. இரண்டு இடத்திலும் சுவரெல்லாம் விரிசல் கண்டது. அதோடு இழுப்பதை விட்டுவிட்டுக் கூட்டம் போடுவதற்குத் திரும்பினார்கள்.

அவருடைய மனைவி கயிற்றுக்காரர் தெருவில் ஓர் அறை வீட்டில் இருந்தாள். சாக்குத் தைப்பது அவள் பிழைப்பு. அவர் நின்றபோது அவளுக்கு மூன்றாம் மாதம். தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோய், அவர் நின்றபடி சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். வெயிலுக்கும் மழைக்கும் கிழிந்த சாக்குகளை ஒட்டுப் போட்டு, நாலு கம்பு நட்டுக் கூரை கட்டினாள். பெண் குழந்தை பிறந்ததும் அதையும் அங்கேதான் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். குழந்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியது. ஊரில் எல்லா அப்பாக்களும் நின்றுகொண்டேதான் தூங்குவார்கள் என்று ஐந்து வயசு வரை அது நம்பியிருந்தது. பள்ளியில் இதைச் சொல்லி அது சிரிப்பு வாங்கி வந்த அன்று, தாய்க்கு வந்த அழுகையும் ஆத்திரமும் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக் கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தை அவள் யாருக்கும் விட்டதில்லை, மகளுக்குக்கூட. அவர் வீட்டுக்கு வரவேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கூட்டங்கள் நடந்தபடி இருந்தன. இரு தரப்பும் ஒற்றைக்காலில் நின்றார்கள்; ஊரில் இரண்டு காலிலும் நின்றவர் அவர் ஒருவர்தான். ஒன்பதாவது வருஷம், நாலாவது துரை வந்திருந்த சமயம், இருநூற்றுப் பன்னிரண்டாவது கூட்டத்துக்குள் அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

"ஐயா, நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதத்துல என்னதான் எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிங்க."

குமாஸ்தா வாசித்தார்.

"அப்போ அவரு நிக்கிற இடத்துலயே ஆரம்பிச்சுத் தொலைங்களேன். யாரு வேண்டாம்னா?"

கப்பல் ஏஜெண்டு மண்டிக்காரரைப் பார்த்தார். மண்டிக்காரர் கப்பல் ஏஜெண்டைப் பார்த்தார். அந்த ஆளுக்குக் கிடைக்காமல் போகிறதே, அது போதும் என்ற நிம்மதி இருவர் முகத்திலும் ஒரே சமயத்தில் வந்தது. சரி என்றார்கள். ஒன்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

அப்புறமும் இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லா மைல்களும் அவருடைய குதிகாலிலிருந்து அளக்கப்பட்டதால், பாதை முடியும் வரை அசையாதீர்கள் என்று துரை கேட்டுக்கொண்டார். முதல் தண்டவாளம் அவர் கால் விரலைத் தொட்டபடி கிடந்தது. கடைசித் தண்டவாளம் நூற்றுப் பதினேழு மைல் தள்ளி, மலையடிவாரத்தில். திறப்பு நாளன்று ஆறு பெட்டிகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியம் முழங்கியது. புறப்பட வேண்டிய நேரம் காலை பத்து. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, "போதும், நீங்க போகலாம்" என்றார்.

அவர் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். வந்தது. இடது காலும் வந்தது. மனைவி கையைப் பிடித்துக்கொள்ள, நடக்கத் தொடங்கினார். அவர் நடக்க நடக்கப் பாதையின் தொடக்கமும் கூடவே வந்தது. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு கட்டை மண்ணில் பதிந்தது, அதன்மேல் தண்டவாளம் நீண்டது. ரயிலும் கன்றுக்குட்டி மாதிரி பின்பக்கமாகவே அவரைத் தொடர்ந்து உருண்டது. பெட்டியில் இருந்தவர்கள் இறங்கவில்லை; நல்ல இடம் பிடித்திருந்தார்கள். இரண்டு தலைவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக ஓடி வந்தார்கள்.

"தம்பி, அப்படியே துறைமுகம் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்!"

"அண்ணே, சந்தை பக்கம்ணே, பொடிநடைதான்!"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயிற்றுக்காரர் தெருவில் திரும்பினார். திரித்துக்கொண்டிருந்த கயிறுகளைத் தெருக்காரர்கள் சுருட்டி வழிவிட்டார்கள். வாசற்படி ஏறி உள்ளே போனார். தண்டவாளமும் படியேறி உள்ளே போயிற்று. கட்டிலில் தன் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததும் அதுவும் கட்டில்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கடைசிப் பெட்டி வாசலை அடைத்துக்கொண்டது.

பத்து வயசு மகள் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எட்டிப் பார்த்தாள். "அம்மா! அப்பாவுக்கு உச்சியில முடியே இல்லம்மா!" என்று கத்தினாள். தாய் வந்து பார்த்தாள். அவளும் அன்றைக்குத்தான் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், அப்படியே அழுதாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனார்.

துரை ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைக் காட்டினார். பூஜ்யத்தில் இருப்பவர் எழுந்து கை காட்டாமல் ரயில் கிளம்பாதாம், மணி பத்தே முக்கால் ஆகிவிட்டதாம்.

"பதினோரு வருஷம் இவரு நின்னாரு," என்றாள் அவள். "இன்னிக்கு ஒரு நாள் அது நிக்கட்டும்."

நின்றது. மறுநாள் அவர் கண்விழித்து, முகம் கழுவி, மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை காட்டியபோது மணி ஒன்பது நாற்பது. கால அட்டவணையில் இன்றுவரை அதுதான் புறப்படும் நேரம்.